புக்காரெஸ்ட்டில் கம்யூனிச காலக் கட்டடங்கள்: போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐரோப்பாவில் எத்தனையோ தலைநகரங்கள் இருக்க, இதற்காக ஏன் புக்காரெஸ்ட்?

வார்சா, சோஃபியா, பெல்கிரேட், கிழக்கு பெர்லின் என்று எல்லா இடத்திலும் அந்தக் காலக் கட்டடங்கள் உண்டு. வார்சாவும் பெர்லினும் போரில் நொறுங்கிய நகரங்கள், காலியாகக் கிடந்த இடத்தில்தான் புதிதாகக் கட்டினார்கள். ருமேனியத் தலைநகரில் நடந்தது வேறு. போர் முடிந்து 40 வருடம் கழித்து, ஆட்கள் குடியிருந்த, கடைகளும் தேவாலயங்களும் ஆஸ்பத்திரியும் இயங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய நகரப் பகுதியை அரசாங்கமே இடித்துத் தள்ளிவிட்டு அதன் மேல் இன்னொரு நகரத்தைக் கட்டியது. அந்த வடு இன்னும் ஆறவில்லை, தெருவில் நடந்தாலே கண்ணில் படுகிறது. அதனால் இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கட்டியதைப் பார்க்கும்போது, அதற்காக எது போனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சுருக்கமாக, மூன்று அடுக்குகள். 1950களில் மாஸ்கோ பாணி. 1960களிலிருந்து 70களின் நடுப்பகுதி வரை கான்கிரீட்டும் கண்ணாடியுமான நவீன பாணி, இதில் நல்ல கட்டடங்கள் நிறைய உண்டு. அப்புறம் 1977 நிலநடுக்கத்துக்குப் பிறகு, 1989 வரை நாட்டை ஆண்ட கம்யூனிசத் தலைவர் நிக்கோலாய் சௌஷெஸ்குவின் ஆசைப்படி எழுந்த பிரம்மாண்டம்.

நாடாளுமன்ற மாளிகைக்குள் போக முடியுமா? எப்படி?

முடியும். ஆனால் தனியாகச் சுற்ற விடமாட்டார்கள், வழிகாட்டியுடன் குழுவாகத்தான் போக வேண்டும். முன்பதிவு தேவை. தனியாக வருபவர்கள் முந்தின நாள் தொலைபேசியில் பதிவு செய்வதுதான் வழக்கமாக இருந்து வருகிறது. நடைமுறை மாறக்கூடியது, அதனால் கிளம்பும் முன் மாளிகையின் அதிகாரபூர்வத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். கடவுச்சீட்டின் மூலப்பிரதியைக் கையில் வைத்திருங்கள், போனில் இருக்கும் படத்தை நம்பிப் போகாதீர்கள். உள்ளே நுழையும்போது விமான நிலையம் மாதிரி சோதனை இருக்கும். நாடாளுமன்ற நிகழ்ச்சியோ பெரிய மாநாடோ இருந்தால் சுற்றுலா ரத்தாகிவிடும் என்பதால், ஊரில் இருக்கும் கடைசி நாளுக்கு இதை ஒத்திவைக்க வேண்டாம்.

பக்கத்து மெட்ரோ நிலையம் இஸ்வோர். ஒன்று சொல்லிவிடுகிறேன்: நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் கட்டடம் எதிரிலேயே நிற்கும், ஐந்து நிமிடத்தில் போய்விடலாம் என்று தோன்றும். போக முடியாது. ஒவ்வொரு பக்கமும் கால் கிலோமீட்டர் நீளம், சுற்றிலும் மதில், வாசல்கள் வேறு வேறு பக்கத்தில். அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.

உள்ளே காட்டுவது மிகச் சிறிய பகுதிதான். பளிங்குப் படிக்கட்டு, விருந்து மண்டபங்கள், சரவிளக்குகள், தேக்கடி யானை போகிற அகலத்துக்குத் தாழ்வாரங்கள். கேட்டால் சில நாட்களில் அடித்தளத்தையும் காட்டுகிறார்கள். பின்பக்கம், அதாவது மேற்குச் சிறகில், 2004 முதல் தேசிய சமகாலக் கலை அருங்காட்சியகம் இயங்குகிறது. அதற்கு வாசலும் டிக்கெட்டும் தனி. நாடாளுமன்றச் சுற்றுலாவுக்கு இடம் கிடைக்காதவர்கள் இதற்குப் போகலாம். இதே கட்டடத்தின் இன்னொரு முகம் தெரியும், கூட்டமும் குறைவு.

அவ்வளவு பெரிய கட்டடத்தை ஏன் கட்டினார்கள்?

1971இல் சௌஷெஸ்கு சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் போய் வந்தார். பியோங்யாங்கின் அகலச் சாலைகளும், ஒரே தலைவரைச் சுற்றி ஒழுங்குபடுத்தப்பட்ட கூட்டமும் அவரைப் பெரிதும் கவர்ந்தன. அப்படி ஒரு நகரம் தனக்கும் வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிடித்துக்கொண்டது. 1977 மார்ச் 4 இரவு வந்த நிலநடுக்கம் நாடு முழுவதும் 1,500 பேருக்கு மேல் பலிகொண்டது. அதில் பெரும்பாலோர் தலைநகரில் இறந்தவர்கள். அந்தத் துயரமே, பழைய நகரத்தை இடித்துவிட்டுப் புதிய மையம் கட்டுவதற்கான காரணமாகக் காட்டப்பட்டது. இத்தனைக்கும் அவர்கள் தேர்ந்தெடுத்த ஊரானுஸ் குன்றுப் பகுதி நிலநடுக்கத்தில் அப்படியொன்றும் சிதையவில்லை. உறுதியான மேட்டு நிலம், அதனால்தான் அதையே கேட்டார்கள்.

அடிக்கல் 1984 ஜூன் 25 அன்று நாட்டப்பட்டது. தலைமைக் கட்டடக்கலைஞர் அங்கா பெட்ரெஸ்கு, அப்போது முப்பதுகளில் இருந்த ஒரு பெண். அவருக்குக் கீழே சுமார் 700 கட்டடக்கலைஞர்கள். மூன்று ஷிப்டாக, ஒரே நேரத்தில் பல ஆயிரம் தொழிலாளர்களும் ராணுவ வீரர்களும் வேலை செய்தார்கள். தரைப்பரப்பு 3,65,000 சதுர மீட்டர், உயரம் 84 மீட்டர், அறைகள் ஏறத்தாழ 1,100. நிர்வாகக் கட்டடங்களில் நீண்ட காலம் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பெண்டகனுக்கு அடுத்த இடத்தில் இருந்தது, எடையில் உலகிலேயே முதலிடம். பளிங்கு, மரம், படிகக் கண்ணாடி, கம்பளம் என்று ஏறக்குறைய எல்லாமே ருமேனியாவிலேயே விளைந்தது, செய்தது.

இந்த எண்களை வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்வார்கள், கேட்கவும் வியப்பாகத்தான் இருக்கும். கூடவே இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இதே வருடங்களில்தான் வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக நாட்டின் உணவு ஏற்றுமதியானது, ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் ரேஷன், குளிர்காலத்தில் வீடுகளுக்கு வெப்பம் கிடையாது, தொலைக்காட்சி ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான். பளிங்கு மண்டபத்தில் நின்று மேலே பார்க்கும்போது, அந்தச் சரவிளக்குகளுக்கு அடியில் எனக்கு வந்ததெல்லாம் அந்த இருட்டு வீடுகளின் நினைப்புதான்.

1989 டிசம்பரில் சௌஷெஸ்கு கொல்லப்பட்டபோது கட்டடம் முடியவில்லை. இடித்துவிடலாம் என்றுகூடப் பேச்சு நடந்தது. கடைசியில் நாடாளுமன்றம் உள்ளே குடியேறியது, ஆனால் இன்றைக்கும் ஊர்க்காரர்கள் பலர் இதைப் பழைய பெயரான 'மக்கள் இல்லம்' என்றே சொல்கிறார்கள்.

அதற்காக என்ன இடித்தார்கள்? நகர்த்தி வைத்த தேவாலயங்களை எங்கே பார்க்கலாம்?

இந்த ஊரில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், மாளிகையை விட்டுவிட்டு இதைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

ஊரானுஸ் ஒரு முழுக் குடியிருப்புப் பகுதி. கல் பாவிய ஏற்றமான தெருக்கள், தோட்டத்தோடு வீடுகள், நடுவில் ஒரு விளையாட்டரங்கம். 40,000 பேர் வரை வெளியேற்றப்பட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. மிகக் குறுகிய அவகாசத்தில், நகர எல்லையில் பாதி கட்டி முடித்த அடுக்ககங்களுக்குப் போகச் சொன்னார்கள். பிரான்கோவேனெஸ்க் ஆஸ்பத்திரி 1984இல் போனது. ஊரின் தெற்கே 18ஆம் நூற்றாண்டின் வாக்கரெஷ்ட் மடாலயம், அந்த நாட்டின் மிக அருமையான கட்டடங்களில் ஒன்று, 1986-87இல் தரைமட்டமானது. ஆட்களுடைய வீட்டு நாய்கள் தெருவில் விடப்பட்டன. அடுக்ககத்துக்கு அவற்றைக் கொண்டுபோக முடியவில்லை. பின்னாளில் புக்காரெஸ்ட் தெருநாய்களுக்குப் பேர்போனதற்கு இது ஒரு காரணம்.

தேவாலயங்கள் பலவும் இடிபட்டன. ஆனால் யூஜெனியு யோர்தக்கெஸ்கு என்ற பொறியாளர், இடிப்பதற்குப் பதில் நகர்த்தி வைக்கலாம் என்று ஒரு வழி சொன்னார். கட்டடத்தின் அடித்தளத்தை வெட்டி, கீழே கான்கிரீட்டில் ஒரு தட்டு வார்த்து, ஜாக்கிகளால் தூக்கி, தண்டவாளத்தின் மேல் மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போவது. ஓட்டலில் பரிமாறுகிறவர் தட்டு நிறைய டம்ளர்களைச் சிந்தாமல் எடுத்துப்போவதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். கூடியிருந்த அதிகாரிகளும் சக பொறியாளர்களும் முதலில் நம்பவில்லை. 1982இல் ஸ்கிதுல் மாய்ச்சிலோர் என்ற சின்ன தேவாலயத்தை 245 மீட்டர் தள்ளி வைத்துக் காட்டினார். அதன் பிறகு பத்துக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் இதே முறையில் பிழைத்தன.

அவற்றில் கட்டாயம் பார்க்க வேண்டியது மிஹாய் வோடா. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில், நாட்டு மக்கள் வீரராகக் கொண்டாடும் மிஹாய் அரசர் கட்டியது. ஒரு மேட்டின் மேல், மடாலயக் கட்டடங்கள் சூழ நின்றது. 1985இல் மடாலயம் இடிக்கப்பட்டு, தேவாலயமும் மணிக்கூண்டும் மட்டும் 289 மீட்டர் தூரம் நகர்த்தப்பட்டு, ஆறு மீட்டருக்கு மேல் கீழே இறக்கி வைக்கப்பட்டன. இப்போது சாப்பியென்ட்செய் என்ற சிறு தெருவில், சுற்றிலும் அடுக்ககங்களின் பின்பக்கமும் குளிர்சாதனப் பெட்டிகளும் தெரிய, ஒரு முற்றத்தில் நிற்கிறது. பெரிய சாலையிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அதுதான் நோக்கம்: தேவாலயத்தை அழிக்காவிட்டாலும் கண்ணிலிருந்து மறைத்துவிட வேண்டும். உள்ளே போனால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு யாராவது நிற்பார்கள். வழிபாட்டு நேரம் என்றால் ஓரமாக நில்லுங்கள், படம் எடுக்க வேண்டாம்.

இதே மாதிரி அந்திம் மடாலயத்துக்கும் போங்கள். அதன் தேவாலயம் அசையவில்லை, வளாகத்தில் இருந்த பெரிய கட்டடம்தான் நகர்த்தப்பட்டது. ஸ்கிதுல் மாய்ச்சிலோரும் அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான். மூன்றையும் சேர்த்து ஒரு முற்பகலில் நிதானமாகப் பார்க்கலாம். வரைபடத்தில் பெயரைப் போட்டுத் தேடி, அடுக்ககங்களுக்கு நடுவே உள்ள வளைவுகள் வழியாக உள்ளே நுழைய வேண்டும். தயங்காதீர்கள், அவை பொது வழிதான். பழைய நகரப் பகுதியில் ஸ்டாவ்ரோபோலியோஸ் என்ற சின்ன மடத்தில், இடிக்கப்பட்ட தேவாலயங்களிலிருந்து பெயர்த்தெடுத்த சுவரோவியத் துண்டுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டு வாருங்கள், எது போனது என்பதற்கு ஓர் உருவம் கிடைக்கும்.

உனிரி சாலையை முழுக்க நடக்க வேண்டுமா?

பாதி போதும். மாளிகைக்கு எதிரே இருந்து உனிரி சதுக்கத்து நீரூற்றுகள் வரை நடங்கள். 'சோசலிசத்தின் வெற்றி' என்ற பெயரில் கட்டப்பட்ட இந்தச் சாலை, பாரிஸின் ஷான்ஸ் எலிஸேயைவிடக் கொஞ்சமாவது பெரிதாக இருக்க வேண்டும் என்ற கணக்கில் போடப்பட்டது என்பார்கள். நீளம் 3 கிலோமீட்டருக்கு மேல். இருபுறமும் உள்ள அடுக்ககங்கள் கட்சியிலும் அரசாங்கத்திலும் முக்கியமானவர்களுக்காகக் கட்டப்பட்டவை, அதனால் முகப்பில் தூண்களும் வளைவுகளுமாக அலங்காரம் அதிகம். சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் தேசிய நூலகம் இருக்கிறது. 1986இல் தொடங்கிய கட்டடம், 2012இல்தான் திறந்தார்கள்.

ஆகஸ்டில் நடுப்பகலில் இந்தச் சாலையில் நடக்காதீர்கள், 35 டிகிரிக்கு மேல் போகும், கான்கிரீட் அனல் வீசும். மாலையில் போனால் நீரூற்றுகளைச் சுற்றி ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

1989 புரட்சி நடந்த இடங்களைப் பார்க்க முடியுமா?

எல்லாமே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. புரட்சிச் சதுக்கத்தில் தொடங்குங்கள். அங்கே கனமான, சாம்பல் நிறக் கல் கட்டடம் ஒன்று, முன்பு கட்சியின் மத்தியக் குழு அலுவலகம், இப்போது உள்துறை அமைச்சகம். அதன் தாழ்வான மாடத்தில் நின்றுதான் 1989 டிசம்பர் 21 அன்று சௌஷெஸ்கு கடைசியாகப் பேசினார். அழைத்து வரப்பட்ட கூட்டம் திடீரென்று கூச்சல் போட, அவர் கையை உயர்த்தியபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார், நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மறுநாள் அதே கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பினார். டிசம்பர் 25 அன்று தர்கோவிஷ்டே நகரில் அவரும் மனைவி எலெனாவும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மாடம் உயரமாக இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். கூட்டத்துக்கும் அவருக்கும் அவ்வளவு நெருக்கம்.

எதிரே பல்கலைக்கழக நூலகம். அந்த நாட்களில் எரிந்து, சுமார் 5 லட்சம் புத்தகங்கள் சாம்பலாயின, பிறகு மீட்டுக் கட்டினார்கள். பக்கத்தில் எரிந்துபோன ஒரு பழைய ரகசிய போலீஸ் கட்டடத்தின் செங்கல் கூட்டை அப்படியே விட்டு, அதற்குள்ளிருந்து கண்ணாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள். கட்டடக்கலைஞர்கள் சங்கத்தின் அலுவலகம் அது. எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த புதுக் கட்டடம் இதுதான், தீப்பட்ட சுவரை மறைக்காமல் வைத்திருப்பதற்காகவே. சதுக்கத்தின் நடுவில் 2005இல் வைத்த 25 மீட்டர் உயரப் பளிங்கு நினைவுத்தூண் இருக்கிறது. அதன் வடிவம் ஊர்க்காரர்களுக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. ஆனால் கீழே உள்ள சுவரில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன, அதற்காக நில்லுங்கள்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் பல்கலைக்கழகச் சதுக்கம். போராட்டக்காரர்கள் சுடப்பட்ட இடம், கல் சிலுவைகள் நடுவில் நிற்கும். மேலே தெரியும் உயரமான, வளைந்த ஓட்டல் கட்டடம் 1971இல் இன்டர்கான்டினென்டலாகத் திறந்தது. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் பலர் அதன் மாடங்களிலிருந்துதான் அந்த இரவுகளைப் பார்த்தார்கள். 60, 70களின் நவீன பாணி எவ்வளவு நன்றாக இருந்தது என்பதற்கும் இந்தக் கட்டடம் ஒரு சான்று.

நேரம் இருந்தால் மெட்ரோவில் 'எரோயி ரெவொலூட்சியேய்' நிலையத்தில் இறங்கிப் புரட்சி வீரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். வரிசை வரிசையாக வெள்ளைப் பளிங்குக் கல்லறைகள். பிறந்த வருடங்களைப் படித்துக்கொண்டே நடந்தால், எவ்வளவு சின்ன வயதுப் பிள்ளைகள் என்று தெரியும்.

மாஸ்கோ பாணிக் கட்டடம் எங்கே இருக்கிறது?

ஊரின் வடக்கே, ஹெராஸ்ட்ராவ் பூங்காவுக்கு அருகில். பழைய பெயர் காசா ஸ்கின்தேயி, இப்போது சுதந்திரப் பத்திரிகை இல்லம். கட்சி நாளிதழான ஸ்கின்தேயாவுக்கும் நாட்டின் மற்ற பதிப்புகளுக்கும் அச்சகமும் அலுவலகமுமாக 1950களில் எழுந்தது. கட்டடக்கலைஞர் ஹோரியா மாய்க்கு. நம்மில் 'சோவியத் நாடு' இதழ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் மாஸ்கோ பல்கலைக்கழகக் கோபுரம் ஞாபகம் வரும். அந்த வார்ப்புதான். ஆனால் கிட்டே போய்ப் பாருங்கள், வளைவுகளிலும் தூண்களிலும் ருமேனிய மடாலயங்களின் வேலைப்பாடு கலந்திருக்கும். முகப்பில் அரிவாள் சுத்தியல் சின்னங்கள் பல இடங்களில் இன்னும் அப்படியே இருக்கின்றன.

முன்னால் லெனின் சிலை நின்றது, 1990 மார்ச்சில் கிரேன் வைத்து இறக்கினார்கள். பீடம் பல வருடம் காலியாகக் கிடந்தது. இப்போது அந்தச் சதுக்கத்தில் கம்யூனிச எதிர்ப்புப் போராளிகளுக்காக மூன்று உயரமான எஃகுச் சிறகுகள் நிற்கின்றன, 2016இல் திறந்தது. கட்டடத்துக்குள் அலுவலகங்கள் இயங்குகின்றன, வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

சௌஷெஸ்குவின் வீட்டுக்குப் போகலாமா?

ப்ரிமவேரி சாலையில் இருக்கும் அந்த வீட்டை 2016இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். முன்பதிவோடு, வழிகாட்டியோடு போகலாம். அவியாடோரிலோர் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போய்விடலாம். சுமார் 80 அறைகள், மொசைக் பதித்த நீச்சல் குளம், தங்க நிறக் குழாய்கள் உள்ள குளியலறை, தோட்டத்தில் மயில்கள். மாளிகையைப் பார்த்த பிறகு இந்த வீடு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஆனால் வெளியே மக்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற வருடங்களில் உள்ளே எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி இல்லை. போகலாம் என்பது என் கருத்து.

கல்லறை கெஞ்சா மயானத்தில் இருக்கிறது, கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துச் சிவப்புக் கல்லில். பூ வைத்துவிட்டுப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் படமெடுக்காதீர்கள்.

மெட்ரோவில் பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு. முதல் பாதை 1979 நவம்பரில் திறந்தது. பியாட்சா ரோமானா நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். நடைமேடை ஆள் ஒதுங்கும் அகலம்தான், பக்கத்திலேயே சுவர், சுவரில் இடைவெளிகள் வழியாக அந்தப் பக்கம் போக வேண்டும். எலெனா சௌஷெஸ்கு இந்த நிலையமே வேண்டாம், மாணவர்கள் நடந்து போகட்டும் என்று சொன்னதாகவும், பொறியாளர்கள் பின்னால் நிலையம் தேவைப்படும் என்று தெரிந்து இடத்தை ரகசியமாகத் தயார்செய்து வைத்ததாகவும் ஊரில் ஒரு கதை. கதை எவ்வளவு உண்மையோ, பாதையின் இந்தப் பகுதி 1987இல் திறந்தும் இந்த நிலையம் மட்டும் 1988இல்தான் திறந்தது என்பது உண்மை.

பொலிடெக்னிகா நிலையத்தில் தரையைப் பார்த்து நடங்கள், செந்நிறக் கல்லில் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய கடலுயிரிகளின் சுருள் படிமங்கள் தெரியும். குழந்தைகளைக் கூட்டிப்போனால் அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். நுழையும் இடத்திலேயே வங்கி அட்டையைத் தட்டிக் கட்டணம் செலுத்தலாம்.

சாதாரண மக்கள் வாழும் அடுக்ககப் பகுதிகளுக்குப் போவது சரியா? பாதுகாப்பா?

பாதுகாப்புதான். த்ரூமுல் தாபெரெய், டிட்டன், பெர்ச்சேனி எல்லாமே லட்சக்கணக்கானவர்கள் அன்றாடம் வாழும் இடங்கள். எனக்குக் கேட்டால் டிட்டனைச் சொல்வேன், நடுவில் ஏரியோடு பெரிய பூங்கா இருக்கிறது. 1960களில் திட்டமிட்ட பகுதிகளில் கட்டடங்களுக்கு நடுவே மரமும் வெளியும் தாராளம். 70களுக்குப் பிறகு அந்த இடைவெளிகளை நிரப்பி, சாலையை ஒட்டிச் சுவர் மாதிரி அடுத்தடுத்துக் கட்டினார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மணி நேரம் நடந்தாலே பிடித்துவிடலாம்.

இவை பார்வைப் பொருள்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1989க்குப் பிறகு குடியிருந்தவர்களே வீடுகளை வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் ருமேனியாவில் சொந்த வீட்டில் வாழ்கிறவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல், ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிக அதிகம். பால்கனிக்குக் கண்ணாடி போட்டு அறையாக்கியிருப்பார்கள், கீழே கத்தரிப்பூ நிறத்தில் ஏதாவது செடி வைத்திருப்பார்கள், பெஞ்சில் பாட்டிமார்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னலை நோக்கி கேமராவை நீட்டாமல், ஒரு வணக்கம் சொல்லி நடந்தால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

முடிக்காமல் விட்ட கட்டடங்கள் இருக்கின்றனவாமே?

80களின் கடைசியில் நகரம் முழுக்கக் குவிமாடம் வைத்த பெரிய உணவுக்கூடங்கள் கட்டத் தொடங்கினார்கள். சாப்பாடே இல்லாத காலம் என்பதால் மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர் 'பசியின் சர்க்கஸ்'. பெரும்பாலானவை 1989இல் எலும்புக்கூடாக நின்றுபோயின. அவற்றில் ஒன்றுதான் 1999இல் விட்டான் பகுதியில் புக்காரெஸ்ட் மால் ஆனது. உள்ளே போய் நடுக்கூடத்தில் நின்று மேலே பார்த்தால் பழைய குவிமாடத்தின் அளவு புரியும்.

இதைவிட என் மனதுக்கு நெருக்கமானது வாக்கரெஷ்ட். அந்தப் பகுதியில் 80களில் ஒரு செயற்கை ஏரி வெட்டினார்கள், வீடுகளையும் தோட்டங்களையும் காலிசெய்து, சுற்றிலும் கான்கிரீட் கரை எழுப்பி. வேலை நின்றுபோனது. ஏரி நிரம்பவே இல்லை. யாரும் கவனிக்காத 20 வருடத்தில் ஊற்றும் மழையும் சேர்ந்து நாணலும் குட்டையும் வளர்ந்து, பறவைகள் வந்து, நீர்நாய்கள்கூட வந்துவிட்டன. 2016இல் சுமார் 180 ஹெக்டேர் பரப்பை இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். கான்கிரீட் கரையில் நின்றால் ஒரு பக்கம் நாணல், மறுபக்கம் அடுக்ககங்கள். காலையில் போங்கள், நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

சில கட்டடங்களில் சிவப்பு வட்டம் ஒட்டியிருக்கிறதே, அது என்ன?

பெரிய நிலநடுக்கம் வந்தால் இடிந்துவிழும் அபாயம் அதிகம் என்று மதிப்பிடப்பட்ட கட்டடம் என்று பொருள். கம்யூனிச காலக் கட்டடங்களைவிட, போருக்கு முந்தைய அழகான கட்டடங்களில்தான் இது அதிகம். மகேரு சாலையில் நிறையப் பார்க்கலாம். தங்குமிடம் பதிவு செய்யும்போது அந்தக் கட்டடத்தின் நிலையைக் கேட்டுவிடுங்கள்.

ஊர்க்காரர்களிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் நீங்களே முடிவு செய்துவிட்டுக் கேட்காதீர்கள். ஒருவர் கொதித்துப் பேசுவார், இன்னொருவர் வேலையும் வீடும் கிடைத்த காலம் என்பார், மூன்றாமவர் பேச்சையே மாற்றிவிடுவார். அவர்கள் பேச விரும்பினால் கேளுங்கள், மறுத்துப் பேச வேண்டாம். இந்த அமைப்பின் மீது உங்களுக்கு என்ன கருத்து இருந்தாலும், அந்த வரிசைகளில் நின்றவர்கள் அவர்கள்.

ருமேனிய விவசாயி அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் நிலங்களைக் கூட்டுப்பண்ணையாக்கியதைப் பற்றி ஒரு சின்ன அறை இருக்கிறது. யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தால் அங்கே போங்கள்.

எத்தனை நாள் வேண்டும்? எப்போது போகலாம்? விசா?

மூன்று முழு நாள் இருந்தால் ஓடாமல் பார்க்கலாம். ஒரே நாள்தான் என்றால் காலையில் மிஹாய் வோடாவும் அந்திமும், மதியம் மாளிகை, மாலையில் புரட்சிச் சதுக்கம். மே, செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜனவரியில் பனியும் சேறும், ஆனால் இந்தக் கட்டடங்களுக்குச் சாம்பல் வானம் பொருந்துகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு.

2025 ஜனவரியிலிருந்து ருமேனியா முழுமையாக ஷெங்கனில் இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பிரிட்டன், கனடா, சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் குறுகிய பயணத்துக்கு விசா இல்லாமல் போகலாம். செலாவணி ருமேனிய லெயு, யூரோ அல்ல. ஒத்தொபேனி விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் ரயிலும் பேருந்தும் இருக்கின்றன.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்கும் விதம் தெரிந்தால். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் வருடத்தில் பல வாரங்கள் இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடாமல் விரதம் இருப்பார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு 'தே போஸ்ட்' என்று பெயர். ஓட்டலிலும் பேக்கரியிலும் இந்தச் சொல்லைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். சில விரத நாட்களில் மீனுக்கு அனுமதி உண்டு என்பதால் மீன் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மக்காச்சோள மாவுக் களியான மாமலிகா, வெள்ளை பீன்ஸை மசித்து மேலே வதக்கிய வெங்காயம் போட்ட ஃபசோலே, சுட்ட கத்தரிக்காயும் குடமிளகாயும் சேர்த்த சக்குஸ்கா, இந்த மூன்றும் ரொட்டியும் இருந்தால் நாள் முழுக்க நடக்கலாம். காரம் இருக்காது, ஊறுகாய் ஒரு பொட்டலம் எடுத்துப்போங்கள்.